ரெண்டு ஊரு மாத்திரை

அந்தக் கோடையில் எங்கள் வாசலில் வேப்பிலை கட்டிய அன்று, நான் செய்த முதல் வேலை அக்காவைக் கிண்டல் செய்தது.

"இன்னாக்கா, மூஞ்சியெல்லாம் செவந்து கீது? ஃபேக்டரில எவன்னா பாத்துட்டானா?"

அவள் பாயில் படுத்தபடியே காலை நீட்டி என்னை எட்டி உதைத்தாள். உதையில் பலமே இல்லை. அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வீட்டுல ஆத்தா எறங்கிகீறா. இனிமே கிண்டல், கேலி, கெட்ட வார்த்த ஒண்ணும் ஆகாது. வாய மூடிக்கினு கெட" என்றாள்.

சோறு போடாதே என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பேசாதே என்றால் நான் எங்கே போவது?

எங்கள் வீடு அத்திபெலேயில், மெயின் ரோட்டுக்குப் பின்பக்கச் சந்தில். அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். விடியலில் இங்கிருந்து காய் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய் இறக்கிவிட்டு வருவேன். அக்கா சந்தாபுரா பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். சட்டைக் காலர் மட்டும். நாள் முழுக்கக் காலர். "உன் கல்யாணத்துக்கு மாப்ள வேணாம், கழுத்து ஒண்ணு இருந்தா போதும்" என்பேன். அதற்கும் உதைதான் கிடைக்கும்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அதற்கு ஓசூர் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஓசூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆனால் பக்கத்து மாநிலம். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கர்நாடகா. மாமா வீடு அந்தப் பக்கம் இருந்ததால் அக்காவின் பெயர் அந்த விலாசத்திலும் இருந்தது, எங்கள் விலாசத்திலும் இருந்தது. எல்லையில் இருக்கிற பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். அரிசி ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. சத்தமாகச் சொல்வதும் இல்லை.

ஓசூர் மாத்திரை பல வருஷம் அவளைக் காப்பாற்றியது. போன வருஷம் நைட் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் தூக்கம் கெட்டது. ஃபேக்டரியில் மெஷின் மேலேயே இரண்டு தடவை விழுந்தாள். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். சூப்பர்வைசர், "பெங்களூரு பெரிய டாக்டர்கிட்ட காட்டி லெட்டர் எடுத்துட்டு வாம்மா, அப்புறம் மெஷின்ல உக்காரு" என்று சொல்லிவிட்டார்.

அதனால் பெங்களூர் போனோம். நகரத்துக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் நல்லவர்தான். ஆனால் வெளியே வரிசை கோயில் வரிசையை விட நீளம். அவர் அக்காவைப் பார்த்து, "இப்ப என்ன மாத்திரை எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல சார். முன்னாடி எடுத்தா. நிறுத்திட்டோம்."

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"அந்தப் பக்கமும் போறோம்னு சொன்னா எதுக்கு ரெண்டு விலாசம்னு கேப்பாங்க. அப்புறம், ஒரு டாக்டர்கிட்ட போய் இன்னொரு டாக்டர் பேர சொன்னா கோவம் வராதா?"

"அப்ப ஓசூர் மாத்திரைய நிறுத்திடலாமா?"

"நிறுத்துறதா? இத்தன வருஷம் காவல் காத்த வாட்ச்மேன தொரத்திட்டு, புது வாட்ச்மேன் தூங்கிட்டான்னா? ரெண்டு பேரும் இருக்கட்டும்."

எனக்கு அது சரியான நியாயமாகப் பட்டது. அக்காவுக்கும் பட்டது. ஒரு பக்கம் தமிழ்நாடு வாட்ச்மேன், ஒரு பக்கம் கர்நாடகா வாட்ச்மேன். "அக்கா, உனக்கு இசட் பிளஸ் பாதுகாப்புக்கா" என்றேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

பெங்களூர் டாக்டர் புது மாத்திரையைக் கொஞ்சமாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லியிருந்தார். "கல்யாண வயசு பொண்ணு. அதுக்கு இதான் நல்ல மாத்திரை" என்றார். "தோல்ல அலர்ஜி மாதிரி எதனா வந்தா உடனே வாங்க" என்றும் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள்.

புது மாத்திரை வேலை செய்தது. வலிப்பு நின்றது. அக்கா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை அளவை ஏற்றிய பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். தொண்டை எரிகிறது, கண் எரிகிறது என்றாள். மறுநாள் கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.

எதிர்வீட்டு ஆண்ட்டி வந்து பார்த்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். எங்கள் சந்தில் யாருக்கு அம்மை போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முத்து போட்டுகீறா. சித்திர வெயில்ல வராம எப்ப வருவா? தாளிக்காதீங்க. வெளியாள் யாரையும் உள்ள விடாதீங்க. ஊசி, ஆஸ்பத்திரின்னு அவள அவமானப்படுத்தாதீங்க."

"டாக்டர் அலர்ஜி வந்தா வரச் சொன்னாரே" என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். "அலர்ஜின்னா அரிக்கும்டா. இவளுக்கு அரிக்கவே இல்ல. எரியுதுன்னுதான சொல்றா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வேப்பிலை வந்தது. மஞ்சள் வந்தது. வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றால் வீடு எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெருவில் போகிறவர்கள் வாசலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். மல்லிகை விற்கிறவள் கூவுவதுகூட எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மறுபடி தொடங்கியது.

அம்மை வீட்டில் மருந்து ஆகாது என்பார்கள். ஆனால் வலிப்பு மாத்திரையை மட்டும் அம்மா நிறுத்தவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, "கோச்சுக்காத தாயே, இது உனக்கு எதிரா இல்ல, அது வேற சீக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். காலையில் இரண்டு, ராத்திரியில் இரண்டு. ஓசூருடையது ஒன்று, பெங்களூருடையது ஒன்று.

புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. சிவப்பு போய் ஒரு மாதிரிக் கருஞ்சிவப்பு வந்தது, பழைய அடிபட்ட இடம் மாதிரி. உதடு வீங்கி வெடித்தது. கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. அம்மா ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள், அரை மணி நேரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இளநீரைப் பஞ்சில் தொட்டு வாயில் விட்டால், அதற்கே அக்கா எரிச்சல் தாங்காமல் உடம்பை முறுக்கினாள்.

எனக்கும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மை போட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். நீர் கோத்த கொப்புளம், நமைச்சல், அப்புறம் காய்ந்து பொருக்கு உதிரும். படுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை போட்டிருக்கிறேன். இவளுக்கு எதுவுமே காயவில்லை. எங்கள் சந்தில் வேறு யாருக்கும் வரவும் இல்லை.

ஆண்ட்டியிடம் கேட்டேன். "ஆண்ட்டி, வந்தவ எறங்கணும் இல்ல? இவ ஏறிக்கினே போறாளே?"

"பெரியவ வந்துகீறா. பெரிய எடத்து ஆளு உடனே கெளம்புவாளா?"

அவர் அதை நம்பித்தான் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் காய்ந்துபோன வேப்பிலையை அவிழ்த்துப் புதுசு கட்டினார்.

அடுத்த நாள் நான் லோடு இறக்கிவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டேன். உள்ளே அம்மா ஒரு கிண்ணத்தில் எதையோ கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக்கொண்டிருந்தாள். விழுங்க முடியாததால் மாத்திரையைப் பொடியாக்கித் தேனில் குழைக்கிறாள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில். பாயில் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆண்ட்டி வேப்பங்கொத்தால் அவள் முதுகை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். கொத்தை எடுத்தபோது இலையோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நனைந்த காகிதம் மாதிரி. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவள் முதுகில் அந்த இடத்தைப் பார்த்தேன்.

ஆண்ட்டி கொத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேணாம்டா. தடுத்தா கண்ண எடுத்துடுவா. நான் சின்ன வயசுல பாத்துகீறேன். ஊசி போட்ட வீட்டுல பொண்ணுக்குக் கண்ணு போச்சு."

"இங்கயே கண்ணு போயிக்கினுதான இருக்குது?"

அம்மா என்னை அடித்தாள். அடித்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த வழியில் அவளை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பொய் சொல்லி அவளை ஏமாற்றியதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

"சரி. கோயிலுக்காவது கூட்டிக்கினு போலாமா? சன்னதில படுக்க வெச்சு தீர்த்தம் தெளிச்சா எறங்குவான்னு மார்க்கெட்ல ஒரு அம்மா சொன்னாங்க."

மார்க்கெட்டில் எந்த அம்மாவும் சொல்லவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டில எப்பிடிப் படுப்பா?" என்றாள். அவ்வளவுதான்.

வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, மெத்தை போட்டு, அதன்மேல் வாழையிலை பரப்பினோம். துணி ஒட்டினால் தோல் வந்துவிடும். அக்காவைத் தூக்கும்போது எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நானும் ஆண்ட்டியும் தவித்தோம். அம்மா பின்னால் அவள் தலைமாட்டில் வேப்பங்கொத்தோடு உட்கார்ந்தாள். கிளம்புவதற்கு முன் நான் உள்ளே போய், அலமாரியில் இருந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

கோயில் வந்தது. நான் ஹாரன் அடித்துக்கொண்டு நேராகப் போனேன்.

பின்னாலிருந்து கேபினைத் தட்டுகிற சத்தம். "டேய்! கோயில் தாண்டிடுச்சுடா! டேய்!"

"பெரிய கோயிலுக்குப் போறேன்மா!"

"எந்தப் பெரிய கோயிலு? டேய், பாவி! ஆத்தா பாத்துக்கினு கீறாடா!"

சந்தாபுரா சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், சுற்றிலும் பைக். வேப்பங்கொத்தையும் மஞ்சள் துணியையும் பார்த்து ஒரு பைக்காரன் ஹெல்மெட்டைத் தூக்கிக் கும்பிட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் குழந்தையின் முகத்தை மூடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா தட்டுவதை நிறுத்தியிருந்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா மூச்சு வுடுறாளா?" என்று கத்தினேன்.

பின்னால் வாழையிலை சரசரக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓட்டுடா" என்றாள் அம்மா. "எங்க வேணா ஓட்டு."

அதே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசினார். துணியை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கன்னடத்தில் நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். தனி ரூம், டிரிப், கண் டாக்டர். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது.

"இது அம்மை இல்லம்மா. மருந்தால வந்தது. என்னென்ன மாத்திரை எடுக்கறாங்க?"

அம்மா பழையபடியே சொன்னாள். "ஒண்ணுதான் டாக்டர். இங்க குடுத்தது."

"வேற ஒண்ணும் இல்லயா?"

"இல்ல."

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பொருந்தவில்லை. "இந்த அளவுல, இவ்ளோ மெதுவா ஏத்தினா, இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். ஏனம்மா, நிஜ ஹேளி, உண்மையச் சொல்லுங்க. வேற எதனா குடுத்தீங்களா?"

அம்மா தரையைப் பார்த்தாள். நான் பைக்குள் கைவிட்டு இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்தேன்.

"டேய்!" என்றாள் அம்மா.

"இது ஓசூர்ல குடுத்தது மேடம். இது இங்க குடுத்தது. ரெண்டும் தினமும் போடுறா. இன்னிக்குக் காலைலகூட போட்டா."

டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். அன்றுதான் அந்த இரண்டு பெயர்களும் எனக்குத் தெரிந்தன. பழையது வால்ப்ரோயேட். புதியது லாமோட்ரிஜின்.

"ரெண்டும் நல்ல மருந்துதான். தனித்தனியா. ரெண்டையும் சேத்துக் குடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க. ஆனா இந்தப் பழசு இருக்கே, புதுச ஒடம்ப வுட்டு வெளிய போக வுடாது. வழிய அடைச்சுக்கிட்டு நிக்கும். நேத்து போட்டது போகாம இருக்கும்போதே இன்னிக்குப் போட்டது வந்து சேரும். சீட்டுல எழுதினது கொஞ்சம்தான். ஒடம்புக்குள்ள சேந்தது ரெண்டு மடங்கு. பழசு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, இதுல பாதிக்கும் கம்மியா ஆரம்பிச்சிருப்பாங்க."

"அப்ப இப்ப ரெண்டயும் நிறுத்தினா?" என்று கேட்டேன்.

"புதுச இந்த நிமிஷமே நிறுத்தணும். பழசயும் இப்ப குடுக்க மாட்டோம். வேற மருந்து டிரிப்ல போகும், அது மத்ததோட அதிகம் சண்டை போடாது. ஆனா அது புடிக்கிற வரைக்கும் ஃபிட்ஸ் வரலாம். தோல் இப்படி இருக்கும்போது ஃபிட்ஸ் வரக்கூடாது. பாக்கலாம்."

அம்மா முந்தானையில் முடிந்திருந்த கோயில் குங்குமத்தை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அக்காவின் கையை மட்டுமே பார்த்தோம். வலிப்பு வருவதற்கு முன்னால் அவள் கட்டைவிரல் துள்ளும். அந்த விரல் அசைந்தால் அம்மா என் கையைப் பிடித்து நசுக்குவாள். கொசு உட்கார்ந்து விரல் அசைந்ததா, தூக்கத்தில் அசைந்ததா, அதுதான் வருகிறதா என்று தெரியாது. ஒரு தடவை நிஜமாகவே வந்தது. உள்ளே ஓடினார்கள். திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் கட்டில் அதிர்கிற சத்தம் கேட்டது. அம்மா சாமி பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். எந்தச் சாமி பேரைச் சொல்வது என்று தெரியாத மாதிரி மூடிக்கொண்டாள். பிறகு சத்தம் நின்றது. திரை விலகியபோது அவள் உயிரோடு இருந்தாள்.

தோல் மெதுவாக மூடியது. வாய் கொஞ்சம் திறந்தது. கண்தான் கடைசிவரை பயமாக இருந்தது. தினமும் கண் டாக்டர் வந்து, ஒட்டிக்கொள்கிற இமையை ஒரு கண்ணாடிக் குச்சியால் பிரித்துவிடுவார். அப்போது அக்கா போடுகிற சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

உள்ளே போக முதல் தடவை அனுமதித்தபோது நான் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் இடது கண் கொஞ்சமாகத் திறந்திருந்தது.

"யாரு?" என்றாள்.

"மாப்ள வீட்டுக்காரங்க. கழுத்து மட்டும் கொண்டாந்துகீறோம்."

உதடு இழுபட்டால் வலிக்கும் என்பதால் அவள் சிரிக்கவில்லை. "சிரிக்க வெக்காதடா நாயே" என்றாள். அவள் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அதே லேடி டாக்டர் வந்தார். இனி எது போடவேண்டும், எது எந்தக் காலத்திலும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு, "கடைசியா கேக்கறேன். வேற யாராவது, எங்கயாவது, எதாவது மாத்திரை, பொடி, லேகியம் குடுக்கறாங்களா?" என்றார்.

அம்மா, "அதெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா கையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட கை. அம்மா நிறுத்திவிட்டாள்.

"இருக்கு மேடம்" என்றாள் அக்கா. "ஓசூர்ல மாமா வீட்ல நரம்புக்குன்னு ஒரு சூரணம் குடுப்பாங்க. ஃபேக்டரி நர்ஸம்மா தலவலிக்கு மஞ்சள் மாத்திர ஒண்ணு குடுப்பாங்க, பேரு தெரியாது. திருவிழாக்கு நாள் தள்ளிப்போட மெடிக்கல்ல வாங்கிப் போடுவேன். அதும் பேரு தெரியாது. இனிமே என்னாண்ட கேளுங்க. அம்மாவ கேக்காதீங்க."

டாக்டர் ஒவ்வொன்றாக எழுதினார். எழுத எழுத அவர் புருவம் சுருங்கியது. எனக்கும் அம்மாவுக்கும் இதில் பாதி தெரியாது. அந்த ஒரே உடம்புக்குள் எத்தனை பேர், எந்த எந்த வாசல் வழியாக, எதை எதை அனுப்பிக்கொண்டிருந்தோம். அதில் எது எதோடு மோதிக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

"சூரணம் வேணாம். மத்தது எது வாங்கினாலும் அட்டைய முதல்ல எனக்குக் காட்டணும்" என்றார் டாக்டர்.

"காட்டறேன். ஒண்ணு கேக்கலாமா?"

"ஹேளி."

"ஊசில நூல் கோக்கிற அளவுக்குக் கண்ணு தெரியுமா மேடம்?"

எப்போதும் இந்த மாதிரி இடத்தில் என்னிடம் ஒரு கிண்டல் இருக்கும். தேடினேன். கிடைக்கவில்லை. அம்மா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். மேஜையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்து, "மேல பாரும்மா" என்று அக்காவின் கண்மேல் குனிந்தார்.